கீழாநெல்லிக்குக் கல் கரையாது

வணக்கம் தம்பி. அம்மாவுக்குப் பத்து நாளாக மஞ்சள் காமாலை, பிலிருபின் (ரத்தத்தில் ஏறும் மஞ்சள் நிறமி) 8.6, கீழாநெல்லி கொடுத்தும் இறங்கவில்லை, ராத்திரியெல்லாம் உடம்பைச் சொறிகிறார் என்று எழுதியிருந்தீர்கள். நடுவில் ஒரு வரி போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள்: மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போகிறது என்று. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

மலத்துக்கு நிறம் கொடுப்பதே பித்தநீர்தான். அது குடலுக்கு வராமல் வழியில் அடைபட்டால் மலம் வெளுக்கும், சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போகும், தோல் அரிக்கும். பித்தப்பைக் கல் நழுவிப் பித்தநாளத்தில் சிக்கினால் இப்படி ஆகும். வேறு காரணங்களும் உண்டு, ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும். வைரஸ் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், பெயர் கீழாநெல்லிக்குப் போகும். அடைப்பு அப்படி இறங்காது.

என் மாமியாருக்கும் இதே கதை. மூன்று வாரம் மோரும் பத்தியமுமாக ஓட்டினோம். கடைசியில் வாய் வழியாக டியூப் விட்டுக் கல்லை எடுத்தார்கள் (இ.ஆர்.சி.பி. என்பார்கள்), பிறகு லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுத்தார்கள். வெளியே வந்த கல் மிளகு அளவுதான்!

நாளைக்கே குடல்-ஈரல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வயிற்று ஸ்கேனோடு ஏ.எல்.பி. (பித்தம் அடைபட்டால் ரத்தத்தில் ஏறும் நொதி), ரத்தம் உறையும் நேரம் இரண்டையும் பார்க்கச் சொல்வார்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், அடைபட்ட பித்தத்தில் கிருமி ஏறினால் உயிருக்கே ஆபத்து. ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் இங்கே போடுங்கள்.