மேற்கோள் 9000, எச் சுட்டெண் 21: இந்த ஈரல் புற்றுநோய் ஆய்வாளரை நம்பிப் போகலாமா?

கேள்வி கேட்ட தம்பி யாழ் மருத்துவபீட மாணவர். ஈரல் புற்றுநோய் ஆய்வாளர் ஒருவரின் கூகிள் ஸ்கொலர் பக்கத்தில் மேற்கோள் 9000 (மற்றக் கட்டுரைகள் அவருடையவற்றைச் சுட்டிய தடவைகள்), எச் சுட்டெண் 21 என்று கிடக்கிறதாம். அவருக்குக் கீழே ஆய்வு செய்யப் போகலாமா என்று கேட்டிருக்கிறார். மேற்பார்வையாளர் தேடுகிற நேரம் போலிருக்கிறது, அப்படி நினைத்தே எழுதுகிறேன்.

அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. எச் 21 என்றால், குறைந்தது 21 தடவை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 21 இருக்கின்றன. 2005 இல் இந்தச் சுட்டெண்ணைக் கொண்டுவந்த பௌதிகவியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ், மொத்த மேற்கோள் எச்சின் வர்க்கத்தைப் போல் 3 முதல் 5 மடங்கு வரும் என்று எழுதினார். 21 இன் வர்க்கம் 441. அப்படியென்றால் 1300 தொடக்கம் 2200 வரை வரவேண்டும். இங்கே 20 மடங்கு நிற்கிறது. மருத்துவத்தில் கணக்குக் கொஞ்சம் கூடிக்குறையும்தான். ஆனால் இவ்வளவு விலகினால் ஒன்றிரண்டு கட்டுரைதான் முழுப் பாரத்தையும் சுமக்கிறது.

பட்டியலின் மேல் இரண்டு கட்டுரையையும் திறந்து ஆசிரியர் வரிசையைப் பாருங்கோ. உலக நோய்ச்சுமை ஆய்வு போல நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் சேர்ந்த கூட்டுக் கட்டுரையாக இருக்கக்கூடும். அந்த மேற்கோள் அத்தனையும் ஒவ்வொருவர் பக்கத்திலும் முழுசாக ஏறும், பங்கிடப்படாது. ஒரு பேச்சுக்கு அந்த இரண்டும் 7200 என்றால் மிச்சம் 1800. அது 441 இன் நாலு மடங்கு. அதுதான் அவருடைய சொந்த உழைப்பின் அளவு, நல்ல அளவும்கூட. இதை மோசடி என்று நான் சொல்லவில்லை. கூட்டாய்வுக்குத் தரவு கொடுப்பதும் வேலைதான். ஆனால் உங்களுக்கு வழிகாட்டப் போகிறவரை அந்த 7200 ஐ வைத்து அளக்கக்கூடாது.

அடுத்தது, எந்த வகைக் கட்டுரை என்பது. ஈரல் புற்றுநோயில் சில கட்டுரைகளைத் தவிர்க்கவே முடியாது. 2008 இல் வந்த ஷார்ப் என்ற மருந்துப் பரிசோதனையில் 602 நோயாளர். சொராபெனிப் என்ற மருந்தை எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 10.7 மாதம், வெற்றுமருந்துக்காரருக்கு 7.9. அதற்குப் பிறகு பத்து வருசத்துக்கு மேல் புதுமருந்துகளைச் சொராபெனிப்போடுதான் ஒப்பிட்டார்கள், 2020 இல் வந்த ஐஎம்பிரேவ்150 பரிசோதனையிலும் அப்படித்தான். எழுதுகிறவன் எல்லாம் அதைக் காட்டத்தான் வேணும். மறுபக்கம், 1996 இல் மசாபெரோ குழு எழுதிய மிலான் கட்டுரையில் நோயாளர் வெறும் 48 பேர். ஒற்றைக் கட்டி 5 செ.மீ. வரை, அல்லது மூன்று கட்டி வரை ஒவ்வொன்றும் 3 செ.மீ. வரை என்ற அந்த அளவுகோலை வைத்தே உலகம் முழுக்க ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு ஆள் தெரிகிறார்கள். மீளாய்வுக் கட்டுரைகளுக்கும் வழிகாட்டி ஆவணங்களுக்கும் மேற்கோள் தானாகக் குவியும். அவற்றை ஒதுக்கிவிட்டு, அவரே தரவு திரட்டி எழுதியவற்றைத் தனியாக எண்ணுங்கோ.

தலைப்பில் ஈரல் இருந்தால் போதாது. குடலிலிருந்து ஈரலுக்குப் பரவிய புற்றுநோயும், மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட்டில் 'லிவர் நியோபிளாசம்ஸ்' என்ற அதே தலைப்புக்குள்தான் விழும். ஈரலிலேயே தொடங்கும் ஹெபற்றோசெல்லுலர் கார்சினோமாவில் வேலை செய்பவரா என்பதைச் சுருக்கத்தை வாசித்துத்தான் அறியலாம்.

இன்னொன்றும் கவனமாகப் பார்க்க வேணும். மைக்ரோ ஆர்என்ஏ (மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் சிறு மூலக்கூறு) ஒன்றை எடுத்து, ஆய்வுகூடத்தில் வளர்க்கும் ஈரல் புற்றுநோய்க் கலங்களில் கூடுகிறது குறைகிறது என்று ஒரே அச்சில் வார்த்த கட்டுரைகள் இந்தத் துறையில் கனக்க வந்தன. காசுக்குப் போலிக் கட்டுரை செய்து விற்கும் கட்டுரை ஆலைகளின் கைவரிசை அதில் உண்டு. ஹிந்தாவி பதிப்பகத்தின் சஞ்சிகைகளில் மட்டும் 2023 இல் 8000 க்கு மேற்பட்ட கட்டுரைகள் மீளப்பெறப்பட்டன. மீளப்பெற்ற கட்டுரைகளைப் பட்டியலிடும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளம் இலவசம், பெயரைப் போட்டு ஒருக்காத் தேடுங்கோ.

கூகிள் ஸ்கொலர் ஆய்வேடு, முன்வரைவு எல்லாவற்றையும் எண்ணும், அதனால் அங்கே எண் கூடித்தான் நிற்கும். பட்டியலை ஆண்டு வரிசையில் மாற்றிப் பாருங்கோ. அவர் பள்ளிக்கூடம் படித்த காலத்துக் கட்டுரை தலைகாட்டினால் வேறொருவருடையது கலந்திருக்கிறது. ஸ்கோப்பஸ் என்ற இன்னொரு மேற்கோள் தரவுத்தளத்தில் ஆசிரியர் தேடலுக்குக் காசு வேண்டாம், அங்கேயும் சரிபாருங்கோ. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஐசைட் தளத்தில் கட்டுரைகளின் பப்மெட் எண்களைப் போட்டால், துறையையும் ஆண்டையும் கணக்கில் எடுத்து மேற்கோள் ஒப்பீட்டு விகிதம் தரும். 1.0 என்றால், அந்த நிறுவனத்தின் நிதியில் வந்த கட்டுரைகளின் இடைநிலை மட்டம்.

இதோடு எனக்கு நெடுநாள் ஆற்றாமை ஒன்றும் உண்டு. எங்கள் பெயர்களை இந்தத் தரவுத்தளங்கள் படுத்துகிற பாடு! தகப்பன் பெயர் முன்னுக்கு, சொந்தப் பெயர் பின்னுக்கு. வெளிநாடு போனால் அது தலைகீழாகும், கலியாணத்துக்குப் பிறகு பெண்களுக்குப் பெயரே மாறும். ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். எட்டுக் கட்டுரைக்கு 60, 31, 18, 12, 9, 7, 6, 3 என்று மேற்கோள் இருந்தால் எச் 6. அதே பட்டியல் 60, 18, 9, 6 என்றும் 31, 12, 7, 3 என்றும் உடைந்தால் ஒன்றில் 4, மற்றதில் 3. பதவி உயர்வு விண்ணப்பத்தில் அந்த 4 தான் போய் நிற்கும். ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனியாக அடையாளம் காட்டும் ஓர்கிட் எண் 16 இலக்கம், இலவசம். முதல் கட்டுரைக்கு முன்னரே எடுத்து வையுங்கோ, பெயரை ஒரே மாதிரி எழுதுங்கோ.

எண் குறைவு என்று உள்ளூர் ஆய்வாளரைத் தள்ளிவிடவும் வேண்டாம். இலங்கையில் ஹெபற்றைற்றிஸ் பி குறைவு. இங்கே ஈரல் புற்றுநோய்க்குப் பின்னால் அதிகம் நிற்பது கொழுப்பு ஈரலும் மதுவும். தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்கு நோயாளர் எந்தக் கட்டத்தில் வந்து சேருகிறார்கள் என்று ஒருவர் எழுதினால் வெளிநாட்டுக்காரர் அதை மேற்கோள் காட்டப்போவதில்லை. ஆனால் வடக்கில் ஸ்கானை யாருக்கு, எப்போது எடுப்பது என்று தீர்மானிக்க அந்தக் கட்டுரைதான் வேணும்.

கடைசியாக, அவர் பெயர் இறுதியில் வருகிற கட்டுரைகளை மட்டும் பிரித்தெடுங்கோ. மருத்துவத்தில் கடைசி இடம் பெரும்பாலும் மேற்பார்வையாளருடையது. அவற்றில் முதற்பெயர் யாருடையது, மாணவருடையதா, சேர்ந்து எத்தனை வருசத்தில் கட்டுரை வந்தது என்று பாருங்கோ. அந்த மாணவர்களில் இருவருக்காவது மின்னஞ்சல் போட்டு, தரவு யாரிடம் இருக்கிறது, வரைவு திருத்தித் திரும்பி வர எவ்வளவு காலம் எடுத்தது என்று கேட்டுவிட்டுப் பிறகு அவருக்கு எழுதுங்கோ.