அடிக்காத கணவர்

கேள்வி: எனக்கு வயது 34. அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் வரும் ஏடிஎம் கார்டு கணவரிடம் இருக்கிறது. காய்கறிக்குக் கொடுக்கும் பணத்துக்கு இரவில் கணக்குக் கேட்பார். அம்மாவிடம் பேசினால் ஸ்பீக்கரில் போட வேண்டும். ஆனால் 9 வருடத்தில் ஒருமுறைகூடக் கை நீட்டியதில்லை, குடிப்பதில்லை. அம்மாவே “தங்கமான மாப்பிள்ளை” என்கிறார். எனக்குத்தான் மூச்சு முட்டுகிறது. குறை என்னிடமா?

– பெயர், ஊர் வேண்டாம்

பதில்: ஊரார் வரவு செலவையெல்லாம் சரிபார்க்கிற உங்களை, கால் கிலோ வெண்டைக்காய்க்குக் கணக்கு ஒப்பிக்க வைத்திருக்கிறார். இதற்குச் சிக்கனம் என்று பெயரில்லை, சகோதரி. குறை உங்களிடம் இல்லை.

அடி விழுந்தால்தான் கொடுமை என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். சட்டம் அப்படி நினைக்கவில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், சொல்லாலும் மனத்தாலும் வதைப்பதையும், பெண்ணுக்கு உரிய பணத்தை அவள் கைக்கு எட்டாமல் வைப்பதையும் வன்முறை என்றே சொல்கிறது. வீடு அவர் பெயரிலேயே இருந்தாலும், அதில் வசிக்க உங்களுக்கு உரிமை உண்டு.

இதைப் படித்த வேகத்தில் இன்றே வங்கிக்குப் போய் ரகசிய எண்ணை மாற்றிவிடாதீர்கள். சட்டப் பிரிவைச் சொல்லி அவரிடம் வாதாடவும் வேண்டாம். பிடி தளர்வதாகத் தெரியும்போது, அதுவரை ஓங்காத கையும் ஓங்கக்கூடும். முதலில் ஆதார், திருமணச் சான்று, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை நம்பகமான தோழி ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில், இந்தச் சட்டப்படி பெண்களுக்கு உதவும் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், பெண்களுக்குச் சம்பளம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள். எப்போது, எந்த அளவுக்குப் போவது என்பதை அவர்களோடு பேசி நீங்களே முடிவு செய்யுங்கள். பிரிந்துதான் ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை.

அம்மாவை நேரில் தனியாகப் பாருங்கள். ‘கொடுமை’ என்று தொடங்கினால் “எல்லா வீட்டிலும் இருப்பதுதானே” என்பார். வெண்டைக்காய்க் கதையைச் சொல்லுங்கள். ஸ்பீக்கரில் இத்தனை நாளும் மருமகன் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்லுங்கள். அது அம்மாவுக்கு உறைக்கும்.

பெண்கள் உதவி எண் 181. இரவும் பகலும் எடுப்பார்கள். உங்கள் போனிலிருந்து அழைக்காதீர்கள். அலுவலகத் தொலைபேசியே நல்லது. உங்கள் வயதையும் வேறு சில விவரங்களையும் மாற்றித்தான் அச்சிட்டிருக்கிறோம். கணவரும் இந்தப் பத்திரிகையைப் படிப்பவர் என்று எழுதியிருந்தீர்களே. ஆகவே இதைக் கத்தரித்து வைக்க வேண்டாம். மூன்று இலக்கம்தான். மனப்பாடம் செய்துகொண்டு பக்கத்தைப் புரட்டிவிடுங்கள்.