டக் படகுகளில் (துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்தும் தள்ளியும் நகர்த்தும் இழுவைப் படகுகள்) வழக்கத்துக்கு மாறான எஞ்சின், புகைக்கூண்டு அமைப்பைக் கரையிலிருந்தே கண்டுபிடிப்பது எப்படி?

இரண்டு புகைக்கூண்டு என்றால் இரண்டு எஞ்சின் என்று குறித்து வைத்துக்கொண்டிருப்பீர்கள். பெரும்பாலும் சரிதான். வித்தியாசமான படகு கண்ணில் படாமல் போவதும் அந்தக் கணக்கால்தான்.

கூண்டு வெறும் தகர உறை. அதன் வாயில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்களை எண்ணுங்கள். முதன்மை எஞ்சினின் குழாயில் தலை நுழையும். ஜெனரேட்டர் குழாயில் கை நுழைந்தால் அதிகம். தடித்த குழாய் மூன்று தெரிந்தால் அங்கேயே நில்லுங்கள். ராட்டர்டாமின் கோட்டக் நிறுவனம் 1999-ல் இறக்கிய ரோட்டர் டக் வகையில் எஞ்சினும் மூன்று, திரஸ்டரும் (அடியில் எந்தத் திசைக்கும் திரும்பும் உந்துவிசிறி) மூன்று: முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் நடுவில் ஒன்று. படகு பக்கவாட்டில் நகரும்போது முன்னும் பின்னும் ஒருசேர நுரை கிளம்பும்.

கூண்டுகளை இரு ஓரத்துக்கும் தள்ளி வைப்பது அழகுக்காக அல்ல. வீல்ஹவுஸில் (படகை ஓட்டும் அறை) நிற்கும் மாஸ்டரின் பார்வையிலிருந்து பின்தளத்து விஞ்சும் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை) கயிறும் மறையக் கூடாது.

அடுத்து விஞ்ச். முன்தளத்தில் பெரிய விஞ்ச் இருந்தால் அநேகமாக ஏ.எஸ்.டி. வகை; திரஸ்டர்கள் பின்பக்கத்து அடியில் இருக்கும். பின்தளத்தில் மட்டும் இருந்தால் டிராக்டர் வகை (உந்தும் அமைப்பு முன்பக்கத்து அடியில் இருக்கும்) என்று சந்தேகப்படுங்கள். கப்பலை முட்டித் தள்ளும்போது கவனித்தால் உறுதியாகிவிடும்: ஏ.எஸ்.டி.யில் வாலில் நுரை கொதிக்கும். செங்குத்துத் தகடுகள் சுழலும் வாய்த் ஷ்னைடர் டிராக்டரில் வீல்ஹவுஸுக்குக் கீழேயே கொதிக்கும்.

புகையை நம்பி முடிவு கட்டாதீர்கள். திடீரென்று லோடு ஏறும்போது டர்போ வேகம் பிடிக்கும்வரை காற்று போதாமல் கரும்புகை தள்ளும். தீயணைப்பு பம்ப் ஒரு எஞ்சினோடு மட்டும் இணைந்திருந்தால், தண்ணீர் பீய்ச்சும்போது அந்தப் பக்கம் மட்டும் புகையலாம். 2016-க்குப் பிறகு கட்டியவற்றில் கூண்டு பருத்திருந்தால் எஞ்சின் கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் கருவி அங்கே உட்கார்ந்திருக்கலாம்.

கூண்டே இல்லையா? நீர்மட்டத்தை ஒட்டிப் பாருங்கள். கரிக்கறையும், விட்டுவிட்டுத் துப்பும் தண்ணீரும் தெரிந்தால் அது ஈர எக்ஸாஸ்ட், அதாவது புகையைத் தண்ணீரோடு கலந்து வெளியேற்றும் அமைப்பு. பிரான்ஸில் ரிக்வல் கால்வாய்ச் சுரங்கத்தில், கால்வாயின் அடியில் கிடக்கும் சங்கிலியைப் பிடித்து முன்னேறும் சங்கிலி டக்குக்கு நிஜமாகவே புகை வழி கிடையாது. 5.6 கி.மீ.க்கு மேல் நீளும் சுரங்கத்தில் புகை விட்டால் பின்னால் வரும் படகுக்காரர்கள் மூச்சு முட்டிப் போவார்கள். அதனால் தலைக்கு மேல் போகும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கிறது.

‘கப்பல்களைக் காட்டும் மொபைல் ஆப்பில் பெயரைப் போட்டால் எல்லாம் வருமே’ என்று ஒருவர் கமெண்டில் கிளம்புவார். நீளம், அகலம், வேகம் வரும். எந்த எஞ்சின் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது வராது. இதைவிடக் கடுப்பு, படம் போடுபவர்கள். மூக்கை மட்டும் கம்பீரமாக எடுத்து, வாலை வெட்டிவிட்டு, ‘அரிய வகை’ என்று தலைப்பு வைக்கிறார்கள். பின்பக்கம் முக்கால்வாசி தெரியும்படி, உயரமான இடத்திலிருந்து ஒன்று எடுங்கள் ஐயா. குழாய், விஞ்ச், நுரை மூன்றும் ஒரே படத்தில் கிடைத்துவிடும்.