வாசகர் கேள்வி: நியூயார்க் ஃபைனல் நியூயார்க்கில் இல்லை!

கேள்வி: 2022ல் மச்சானோடு கத்தார் போனேன். மேட்ச் டிக்கெட் வாங்கி ஹய்யா கார்டு எடுத்தோம், அதுவே விசா. இப்போது 2026 ஜூலை 19 கால்பந்து உலகக் கோப்பை ஃபைனலுக்கு டிக்கெட் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவிலும் அதே கதைதானா?
- வாசகர், தூத்தூர்

பதில்: ஃபைனல் டிக்கெட்டா, முதலில் கையைக் கொடுங்கள்! ஆனால் அதே கதை இல்லை. 2018ல் ரஷ்யா ஃபேன் ஐடி கொடுத்து விசா இல்லாமலே உள்ளே விட்டது, அப்புறம் கத்தாரும் அதே வழியில் போனது; அமெரிக்கா அந்தப் பக்கமே வரவில்லை. சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் எடுக்கும் வழக்கமான பி1/பி2 விசாதான். 'ஃபிஃபா பாஸ்' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது, டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு நேர்காணல் தேதி சீக்கிரம் கிடைக்க உதவும், அவ்வளவுதான். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அதிகாரி டிக்கெட்டைப் பார்த்து மயங்க மாட்டார், நீங்கள் ஊர் திரும்புவீர்களா என்பதுதான் அவர் கவலை. வேலை, லீவு, குடும்பம் எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லுங்கள். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத விமான டிக்கெட்டைத் தொடாதீர்கள்.

கேள்வி: நானும் தம்பியும் ஃபைனலுக்குப் போகிறோம். டைம்ஸ் ஸ்கொயர் பக்கம் ரூம் போட்டால் ஸ்டேடியத்துக்கு நடந்தே போய்விடலாமா?
- வாசகி, வியாசர்பாடி

பதில்: நடந்தா? நடுவில் ஹட்சன் ஆறு ஓடுகிறதே, அம்மா! பெயர்தான் நியூயார்க் ஃபைனல், மேட்ச் நடப்பது பக்கத்து மாநிலமான நியூஜெர்சியில், ஈஸ்ட் ரூதர்ஃபோர்டில் இருக்கும் மெட்லைஃப் ஸ்டேடியத்தில். 1994 உலகக் கோப்பையில் இத்தாலி பல்கேரியாவை 2-1 என்று வென்ற அரையிறுதியும் இதே வளாகத்தில்தான் நடந்தது. இத்தாலியின் பாஜியோ இரண்டு கோல் போட்ட அந்தப் பழைய ஜெயன்ட்ஸ் ஸ்டேடியத்தை 2010ல் இடித்துவிட்டார்கள், அந்த இடத்தில் இப்போது கார் நிற்கிறது.

அதனால் ரூமை ஊர் அழகைப் பார்த்துப் போடாதீர்கள், ரயிலைப் பார்த்துப் போடுங்கள். மன்ஹாட்டனின் பென் ஸ்டேஷனிலிருந்து நியூஜெர்சி டிரான்சிட் ரயிலில் செகாகஸ் வந்து, அங்கே மாறி, ஸ்டேடியத்துக்கான மெடோலேண்ட்ஸ் ஸ்டேஷன் போக வேண்டும். நெவார்க்கிலோ எடிசனிலோ தங்கினாலும் அதே லைன் செகாகஸுக்கு வருகிறது, எடிசனில் சாப்பாட்டுக்கும் கவலை இல்லை, நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிற ஊர். மேட்ச் நாளைக்கு ரயில் ஏற்பாடே தனி, அறிவிப்பைப் பார்த்து முன்பே டிக்கெட் எடுத்துவிடுங்கள். சொந்தக்காரர் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றால் அன்பாக மறுத்துவிடுங்கள்.

போவதைவிடத் திரும்புவதுதான் பெரும்பாடு. 2014ல் இங்கே சூப்பர் பவுல் (அமெரிக்கன் ஃபுட்பால் ஃபைனல்) நடந்தபோது ரயிலுக்கு எதிர்பார்த்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கூட்டம் வந்துவிட்டது. செகாகஸில் நிற்க இடமில்லை, மேட்ச் முடிந்தும் மணிக்கணக்கில் ஜனம் வரிசையில் நின்றது. 82,000 பேருக்கு மேல் கொள்ளும் ஸ்டேடியம், ஒரு கிளை ரயில் பாதை, கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அன்று இரவே விமானம் ஏறும் திட்டம் இருந்தால் தயவுசெய்து மாற்றுங்கள். ஆட்டம் அங்கே பகல் 3 மணிக்கு (நமக்கு நள்ளிரவு 12.30), கூரை கிடையாது, ஜூலை வெயில் சென்னைக்காரர்களையே வாட்டும். மின்னல் வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். 2025 கிளப் உலகக் கோப்பையில் செல்சி-பென்ஃபிகா ஆட்டம் ஷார்லட் நகரில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் நின்றது. தொப்பியோடு மெல்லிய மழைக்கோட்டும் இருக்கட்டும்.

கேள்வி: டிக்கெட் இல்லை. சும்மா ஊரைச் சுற்றப் போனால் மதிப்புண்டா?
- வாசகர், மதுரை

பதில்: விசா இருந்தால் தாராளமாக. ஆனால் ஃபிஃபாவின் மறுவிற்பனைத் தளத்தில் கடைசி நேரத்தில் வாங்கிவிடலாம் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள்; அங்கே விற்பவரிடமும் வாங்குபவரிடமும் ஆளுக்கு 15 சதவீதம் பிடிக்கிறார்கள், என்னைக் கேட்டால் அநியாயம். அதற்குப் பதிலாக 7ஆம் எண் மெட்ரோ ஏறி நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதிக்குப் போங்கள். ஜாக்சன் ஹைட்ஸில் கொலம்பியா, எக்குவடோர், வங்கதேசம், நேபாளம் என்று எல்லா ஊர் ஜனமும் இருக்கிறது. ரூஸ்வெல்ட் அவென்யூவில் தலைக்கு மேல் ரயில் தடதடக்க, கீழே கடைக்குள் டிவியில் மேட்ச் பார்க்கலாம். அதே ரயிலில் கடைசி ஸ்டேஷன் ஃப்ளஷிங், அங்கே பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசை கிடைக்கும். காலையிலேயே போய்விடுங்கள்.