வேதாகம மொழிபெயர்ப்புக்கு உதவ வெளிநாடு போக ஆசைப்படும் ஒரு கணக்காளருக்கு

கேள்வி: நான் கணக்காளர். திருமணமாகி ஒரு குழந்தை இருக்கிறது. வேதாகம மொழிபெயர்ப்பு ஊழியத்துக்கு உதவியாக பப்புவா நியூ கினி மாதிரி ஒரு நாட்டுக்கு மிஷனெரியாகப் போக விரும்புகிறேன். மொழியியல் படித்ததில்லை. என்னை எடுத்துக்கொள்வார்களா? எதிலிருந்து தயாராவது?

எடுத்துக்கொள்வார்கள். சொல்லப்போனால் உங்களைப் போன்றவர்கள் கிடைக்காமல்தான் அங்கே தவிக்கிறார்கள். நான் அந்த நாட்டின் கிழக்கு மலைநாட்டு மாகாணத்தில் உள்ள உகரும்பாவில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தவன். 1956இலிருந்து அந்த நாட்டில் இயங்கிவரும், மொழி ஆய்விலும் வேதாகம மொழிபெயர்ப்பிலும் ஈடுபட்டிருக்கும் எஸ்.ஐ.எல். அமைப்பின் முக்கிய மையம் அது. நாட்டில் 800க்கும் மேற்பட்ட மொழிகள். ஒரு குழு கிராமத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டுமானால் அதற்குப் பின்னால் பைலட், நர்ஸ், ஆசிரியர், எலக்ட்ரீஷியன், கணக்காளர் என்று ஒரு பட்டாளமே வேண்டும்.

இது நமக்குப் புதிதும் இல்லை. தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது, ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு மொழிபெயர்த்தார் என்று ஞாயிறு பள்ளியிலேயே சொல்லித் தருகிறார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றன. சிறிய எழுத்துகளை வார்த்துக் கொடுத்த அச்சுத் தொழிலாளி ஆட்லரின் பெயரை எந்த ஆசிரியையும் சொல்லித் தந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஆகவே முதலில், வேலையை விட்டுவிட்டு இறையியல் கல்லூரியில் சேர வேண்டாம். மிஷனெரிகளை அனுப்பும் அமைப்புகள் அடிப்படை வேதாகமப் படிப்பை எதிர்பார்ப்பது உண்டு. அதை அஞ்சல் வழியிலேயே முடித்துவிடலாம். உங்கள் தொழிலில் கை தேர்ந்திருப்பதுதான் முக்கியம். அங்கே ஒவ்வொரு மொழித் திட்டத்துக்கும் தனித்தனிக் கணக்கு, தனித்தனி நன்கொடையாளர்கள். அந்த நாட்டு நாணயமான கினாவில் செலவு, டாலரிலும் யூரோவிலும் வரவு. பணம் கொடுத்தவர்கள் அறிக்கை கேட்பார்கள். டாலி கணக்கு மென்பொருளில் மட்டும் பழகியிருந்தால் பல நாணயக் கணக்கையும் திட்டவாரியான கணக்கையும் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்தது தாங்குநர்களைத் தேடுவது. பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். இந்த ஊழியத்தில் சம்பளம் என்று ஒன்று பொதுவாகக் கிடையாது. உங்கள் சபையும் நண்பர்களும் மாதாமாதம் கொடுப்பதில்தான் பிழைப்பு. நம் சபைகள் மிஷனெரிக்குக் கொடுப்பதில் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. ஆனால் சுவிசேஷகருக்குக் கொடுத்துப் பழகிய கை அது. சபைக் கமிட்டியில் நான் போய் உட்கார்ந்தபோது ஒரு பெரியவர் நேராகவே கேட்டார்: "தம்பி, கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ண அந்த ஊர்ல ஆளே இல்லையா?"

நியாயமான கேள்வி. அங்கே ஆள் இருக்கிறார்கள். அந்த நாட்டினரே நடத்தும் மொழிபெயர்ப்புச் சங்கமும் இருக்கிறது. போகிறவர் தன் வேலையை உள்ளூர்க்காரர் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு நாற்காலியைக் காலி செய்யத் தயாராக இருக்க வேண்டும். இதை அந்தப் பெரியவரிடம் சொன்னதும் முகம் தெளிந்தது. "அப்போ வாத்தியார் வேலைன்னு சொல்லு" என்றார். அதன்பிறகு எல்லாச் சபையிலும் அப்படியே சொன்னேன். ஊழியத்தின் பெயரைச் சொல்லி உருக்கமாகப் பேசிப் பணம் வாங்குவது எனக்குப் பிடிக்காது. என்ன வேலை, என்ன செலவு என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். நீங்கள் கணக்காளர், இது உங்களுக்குக் கைவந்த கலை.

பணத்தில் இன்னொரு சிக்கல், நம் நாட்டுச் சட்டம். ஒரு அறக்கட்டளை தன் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவழித்தால் அந்தத் தொகைக்கு வரிவிலக்கு எளிதில் கிடைக்காது. சபையிடம் காணிக்கை வாங்கி அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். விக்ளிஃப் இந்தியா மாதிரி அனுப்பும் அமைப்பிடம் இதைத்தான் முதல் கேள்வியாகக் கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள்.

மொழியியல் வேண்டாம், ஆனால் மொழிபெயர்ப்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த மொழியையே தாய்மொழியாகக் கொண்டவர்கள் முதல் வரைவை எழுதுவார்கள். அதைக் கிராமத்தில் வாசித்துக் காட்டி, கேட்டவர்களுக்கு என்ன புரிந்தது என்று விசாரிப்பார்கள். பிறகு அதை அந்த நாட்டின் பொதுமொழியான டோக் பிசினிலோ ஆங்கிலத்திலோ வரிக்கு வரி திருப்பி எழுதுவார்கள். அந்த மொழியே தெரியாத ஆலோசகர் ஒருவர் அதை வைத்துக்கொண்டு மூலத்தோடு ஒப்பிட்டு, "இந்த இடத்தில் யார் யாரை அடித்தார்?" என்கிற மாதிரிக் கேள்விகளால் துளைத்தெடுப்பார். ஒரு புதிய ஏற்பாட்டுக்கே பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆவது சாதாரணம். ஒரு பட்ஜெட் தலைப்பில் "கிராமப் பரிசோதனை" என்று பார்க்கும்போது அது எதற்கு என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், விமானச் செலவை வெட்டச் சொல்லிக் கடிதம் எழுதமாட்டீர்கள்.

பல கிராமங்களுக்குச் சாலை கிடையாது, சிறிய விமானம்தான். ஓடுதளத்தில் மூட்டையோடு உங்களையும் தராசில் ஏற்றி எடை போடுவார்கள். ஒருமுறை எனக்கு முன்னால் நின்ற மொழிபெயர்ப்பாளர், எடை கூடிவிட்டது என்று அரிசி மூட்டையை இறக்கி வைத்தார். சோலார் பேட்டரியையும் பிளாஸ்டிக்கில் சுற்றிய லேப்டாப்பையும் தொடவில்லை. அந்த லேப்டாப்பில் பாராடெக்ஸ்ட் என்ற மென்பொருளில் அவர்களுடைய பல வருட வேலை இருந்தது. என் பிரிவின் பாதி நேரம் அதற்குக் காப்புப் பிரதி எடுத்துவைப்பதிலேயே போனது.

டோக் பிசினை இங்கிருந்தே தொடங்குங்கள். ஆங்கிலம் தெரிந்தவருக்குச் சொற்கள் சீக்கிரம் பிடிபடும், அதனாலேயே எல்லாம் தெரிந்துவிட்டது என்று தோன்றும். அலுவலகத்தில் ஆங்கிலத்தில் சமாளிக்கலாம். சந்தையில் கௌகௌ விற்கும் அம்மாவிடம் அது எடுபடாது. கௌகௌ வேறொன்றும் இல்லை, நம் சர்க்கரைவள்ளிக் கிழங்குதான், அங்கே தினசரி உணவு. போனவுடன் அறிமுகப் பயிற்சி இருக்கும். அதில் விறகடுப்பில் சமைப்பது, மலையேறி நடப்பது, ஒரு கிராமத்துக் குடும்பத்தோடு தங்குவது எல்லாம் உண்டு. உட்கார்ந்தே வேலை பார்த்த உடம்பென்றால் இப்போதே நடக்கத் தொடங்குங்கள்.

மருத்துவத்தில் ஒன்றே ஒன்று: ஜி6பிடி என்ற நொதி ரத்தத்தில் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையைக் கிளம்புமுன் செய்துகொள்ளுங்கள். உகரும்பா உயரத்தில் இருப்பதால் மலேரியா குறைவு, கடற்கரைப் பக்கம் அதிகம். ஈரலில் பதுங்கித் திரும்பத் திரும்ப வரும் மலேரியா வகைக்கு பிரைமாக்வின் என்ற மாத்திரையைக் கொடுப்பார்கள். அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை ரத்த அணுக்களையே உடைத்துவிடும். மூன்று பேரும் செய்துகொள்ளுங்கள்.

குழந்தையின் படிப்புக்கு உகரும்பாவில் பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளி இருக்கிறது. அப்புறம் உங்கள் மனைவி. கேள்வியில் "விரும்புகிறேன்" என்று ஒருமையில் எழுதியிருக்கிறீர்கள். மலைநாட்டு நெடுஞ்சாலையில் வழிப்பறி உண்டு, இரவில் வெளியே போவது கூடாது, அவர் வேலை பார்ப்பவராக இருந்தால் அதையும் விட வேண்டியிருக்கும். விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன் இதையெல்லாம் அவரோடு பேசிவிடுங்கள். நேர்காணலில் உங்கள் இருவரையும் தனித்தனியாகவும் கேட்பார்கள்.