ஒப்பந்தத்துக்கு முன்பே ஓடிய இரண்டு மாதம்

கேள்வி: பென்னாகரம் வட்டத்தில் எட்டு கிராமங்களில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்தும் சிறிய டிரஸ்ட் எங்களுடையது. நான் நிர்வாக அறங்காவலர். ஓசூர் கம்பெனி ஒன்று சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) நிதியில் ஒரு வருடத்துக்கு 14.40 லட்சம் ரூபாய் தருவதாகச் சொன்னது. பள்ளி திறந்துவிட்டதே என்று ஜூனிலேயே வகுப்புகளைத் தொடங்கிவிட்டேன். என் நகைகளை அடகு வைத்து 3.60 லட்சம் வாங்கி மூன்று மாதம் ஓட்டினேன். ஒப்பந்தம் ஆகஸ்ட் 1 முதல் ஒரு வருடத்துக்குப் போடப்பட்டது. முதல் தவணை 5.76 லட்சம் செப்டம்பரில் வந்ததும் நகையை மீட்டேன். பிறகு பணம் பற்றவில்லை. கொழுந்தனாரிடம் 2 வட்டிக்கு 3 லட்சம் வாங்கி டிரஸ்ட் கணக்கில் போட்டேன். வட்டியை வீட்டுப் பணத்தில் கட்டுகிறேன். அவர் வீட்டு மாடியை மாதம் 6,000 வாடகைக்கு எடுக்கச் சொன்னார், தன் மகளை ஒருங்கிணைப்பாளராகப் போடச் சொன்னார். மறுக்க முடியவில்லை. பணத்தை எதற்குச் செலவழித்தோம் என்று காட்டி டிசம்பர் கடைசியில் அனுப்பிய பயன்பாட்டுச் சான்றிதழைக் கம்பெனி திருப்பி அனுப்பிவிட்டது. கணக்கில் 36,000 ரூபாய்தான் இருக்கிறது. தனிநபர் கடனாக 4 லட்சம் வாங்கட்டுமா? சோஷியல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் (தொண்டு அமைப்புகளுக்கான பங்குச்சந்தைப் பிரிவு) நிதி திரட்டலாம் என்று ஒருவர் சொல்கிறார், அது சரிவருமா? கணவரின் சம்பளம் கையில் 48,000 வருகிறது.
- பெயர் வேண்டாம், தர்மபுரி மாவட்டம்

பதில்: தனிநபர் கடன் வேண்டாம். 14 சதவிகித வட்டியில் மூன்று வருடத்துக்கு 4 லட்சம் வாங்கினால் மாதத் தவணை சுமார் 13,700. அந்தப் பணமும் நாலாவது மாதம் இருக்காது. உங்கள் மையங்களின் மாதச் செலவே 1.20 லட்சம்.

12ஏபி (டிரஸ்டின் வருமானவரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை), சிஎஸ்ஆர்-1 (சிஎஸ்ஆர் நிதி வாங்கத் தகுதி) பதிவெல்லாம் சரியாக வைத்திருக்கிறீர்கள் என்று கடிதத்தின் மற்ற பகுதியிலிருந்து தெரிகிறது. அதனால் அங்கே போகவில்லை. உங்களைச் சாய்ப்பது ஒரே ஒரு பழக்கம்: வாய்வார்த்தையை வரவாக எடுத்துக்கொண்டு, சொந்தக் கடனில் திட்டத்தைத் தொடங்குவது.

கணக்கைப் பாருங்கள். ஜூன் முதல் டிசம்பர் வரை ஏழு மாதம், 8.40 லட்சம் செலவு. வந்தது 5.76 லட்சமும் கொழுந்தனாரின் 3 லட்சமும், ஆக 8.76 லட்சம். மிச்சம் 36,000. கணக்கு இடிக்கவில்லை, பணம் எங்கும் தொலையவும் இல்லை. ஆனால் ஜூன், ஜூலை செலவான 2.40 லட்சம் ஒப்பந்தத் தேதிக்கு முந்தையது. அதை எந்தக் கம்பெனியும் ஏற்காது. ஆக, இரண்டாவது தவணை நாளையே வந்தாலும் இந்த 2.40 லட்சம் தீராது. அந்தத் தவணை ஜனவரி முதலான செலவுக்கு உரியது. "தவணை வந்ததும் கொழுந்தனாருக்குக் கொடுத்துவிடுவேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிக் கொடுத்தால் அடுத்த சான்றிதழும் திரும்பி வரும்.

இந்தச் சான்றிதழ் ஏன் திரும்பியது என்பதும் இதில்தான் இருக்கிறது. வங்கி அறிக்கையில் செப்டம்பரில் டிரஸ்ட் கணக்கிலிருந்து உங்கள் பெயருக்கு ஒரே வரியில் 3,60,000 போயிருக்கிறது. நகையை மீட்டது உங்களுக்குத் தெரியும். கம்பெனியின் தணிக்கையாளருக்கு அது 'அறங்காவலர் எடுத்த பணம்', அவ்வளவுதான். கூடவே ஜூன், ஜூலை வவுச்சர்களையும் இணைத்திருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

திருத்துவது கடினமல்ல. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஐந்து மாதச் செலவு 6 லட்சம். அதுவே முதல் தவணையைவிட 24,000 அதிகம். புதிய சான்றிதழில் இந்த ஐந்து மாதத்தை மட்டும் காட்டுங்கள். ஜூன், ஜூலையை 'டிரஸ்டின் சொந்தப் பங்களிப்பு' என்று தனித்தாளில் எழுதுங்கள். 3.60 லட்சத்துக்கு விளக்கமாக, நீங்கள் டிரஸ்டுக்குக் கொடுத்த கடன், திரும்பப் பெற்ற தேதி, அடகு ரசீது நகல், அறங்காவலர் கூட்டத் தீர்மானம் ஆகியவற்றை இணையுங்கள். தீர்மானம் அப்போது போடவில்லையென்றால் பழைய தேதியில் எழுதாதீர்கள். இப்போதைய தேதியில், நடந்ததை ஒப்புக்கொண்டு எழுதுங்கள். பழைய தேதி போட்டு மாட்டிக்கொண்டால் அடுத்த மானியமும் போய்விடும்.

இதை ஜனவரிக்குள் முடியுங்கள். கம்பெனிகளும் மார்ச் 31-க்குள் சிஎஸ்ஆர் செலவைக் கணக்கில் காட்ட வேண்டும். தாள் சரியாக இருந்தால் பிப்ரவரி, மார்ச்சில் அவர்களே அவசரப்படுவார்கள்.

அதுவரை எட்டு மையத்தையும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதிகமுள்ள மூன்றை மட்டும் நடத்துங்கள். மூன்று ஆசிரியருக்கு 18,000, ஒரு ஒருங்கிணைப்பாளருக்கு 15,000, சுண்டல் செலவு 7,500, போக்குவரத்து 3,000. மாதம் 43,500, இரண்டு மாதத்துக்கு 87,000. கையில் 36,000 போக 51,000 குறையும். இதை ஊரிலேயே நன்கொடையாகக் கேளுங்கள். 80ஜி ரசீது கொடுங்கள். ரொக்கமாக 2,000-க்கு மேல் கொடுத்தால் அவர்களுக்கு வரிவிலக்கு கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுங்கள். மையங்களைக் குறைப்பதைக் கம்பெனிக்கு முன்கூட்டியே மின்னஞ்சலில் தெரிவித்து, திட்டக் காலத்தை இரண்டு மாதம் நீட்டிக் கேளுங்கள். கூடுதல் பணம் கேட்காத நீட்டிப்பு என்பதால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். சொல்லாமல் குறைத்தால் 180 பிள்ளைகள் என்ற இலக்கு எங்கே என்று கேட்பார்கள்.

இனி கொழுந்தனார் விஷயம். வட்டி 6,000, வாடகை 6,000, மகள் சம்பளம் 15,000. மாதம் 27,000 ஒரே வீட்டுக்குப் போகிறது. அவர் தரும் கடனின் வட்டி மட்டுமே ஓர் ஆசிரியரின் சம்பளம். பணச்சுமை ஒருபுறம் இருக்க, வருமானவரிச் சட்டத்தில் அறங்காவலரின் உறவினருக்கு டிரஸ்ட் மூலம் போகும் சலுகைக்குத் தனிக் கண் உண்டு. கணவரின் தம்பியும் அவர் பிள்ளைகளும் அந்த உறவினர் பட்டியலில் வருகிறார்கள். வேலைக்கும் இடத்துக்கும் நியாயமானதைவிடக் கூடுதலாகக் கொடுத்தது என்று தீர்மானித்தால் அந்தத் தொகைக்கு வரியும், அதற்கு மேல் அபராதமும் வரும். அந்தப் பெண் உண்மையிலேயே மையங்களுக்குப் போகிறாரா? வருகைப் பதிவேடும் பயண நாட்குறிப்பும் இருக்கிறதா? இல்லையென்றால் இந்த மாதமே நிறுத்துங்கள். மாடியைக் காலி செய்து, ஊராட்சியின் சமுதாயக் கூடத்தையோ நூலகக் கட்டடத்தையோ எழுத்துப்பூர்வ அனுமதியுடன் கேளுங்கள்.

வேலையை நிறுத்திவிட்டுக் கடனை மட்டும் வைத்திருந்தால் வீட்டில் பேச்சு வரும். எனவே அவருடைய 3 லட்சத்தை முதலில் அடைத்துவிடுங்கள். நகை கையில் இருக்கிறது. வங்கியில் வைத்தால் 10 சதவிகித வட்டியில் மாதம் சுமார் 2,500 ஆகும், இப்போதைய 6,000-க்குப் பதிலாக. மாதம் 15,000 கட்டினால் இரண்டு வருடத்துக்குள் தீரும். ஒரு வருடக் கெடுவென்றால் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க வேண்டியிருக்கும், நாள் தவறவிடாதீர்கள். இது 24 சதவிகிதக் கடனை 10-க்கு மாற்றுவது மட்டுமே, மேல் பணம் வாங்குவதற்கு அல்ல.

டிரஸ்ட் புத்தகத்தில் இந்த 3 லட்சத்தை உங்கள் பெயரில் வட்டியில்லாக் கடனாக வையுங்கள். உணர்ச்சிவசப்பட்டு நன்கொடை என்று எழுதிவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. டிரஸ்ட் இதை நிபந்தனையற்ற நன்கொடையிலிருந்து மட்டுமே திருப்பித் தரலாம், கம்பெனிப் பணத்திலிருந்து அல்ல. கடன் வாங்கிச் செய்த செலவு அந்த வருடக் கணக்கில் வருமானத்தில் 85 சதவிகிதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்ற வரி விதிக்குள் சேராது, திருப்பிக் கட்டும் வருடத்தில்தான் சேரும், அதுவும் ஐந்து வருடத்துக்குள். ஆடிட்டரிடம் இதை இப்போதே சொல்லிவையுங்கள்.

சோஷியல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் பற்றி: அங்கே பதிவு செய்யவே முந்தைய வருடம் குறைந்தது 50 லட்சம் செலவு செய்திருக்க வேண்டும். அங்கே நிதி திரட்டும் வெளியீட்டின் குறைந்தபட்ச அளவும் 50 லட்சம். 14.40 லட்ச டிரஸ்டுக்கு அது ஏன்? வெளிநாட்டு நிதி வைத்திருக்கும் வேறொரு அமைப்பு மூலம் பணம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் தலையாட்டாதீர்கள். ஓர் அமைப்பு வாங்கிய வெளிநாட்டு நிதியை இன்னொன்றுக்கு மாற்றித் தருவதை 2020-லேயே தடை செய்துவிட்டார்கள். கம்பெனியைப் பிடித்துத் தருகிறேன், 10 சதவிகிதம் கொடுங்கள் என்பவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அடுத்த ஒப்பந்தம் பேசும்போது மூன்று தவணையை 40-40-20 சதவிகிதமாகப் பிரித்திருப்பதை மாற்றக் கேளுங்கள். கடைசி 20 சதவிகிதமான 2.88 லட்சம், முழுச் செலவும் முடிந்து தணிக்கை அறிக்கை கொடுத்த பிறகுதான் வரும். அதாவது கிட்டத்தட்ட இரண்டரை மாதச் செலவை நீங்கள்தான் முன்பணமாகப் போட்டிருக்க வேண்டும். 50-40-10 என்றால் இது 1.44 லட்சமாகக் குறையும். காலாண்டு முன்பணம் கிடைத்தால் இன்னும் நல்லது. பட்ஜெட்டில் ஆடிட்டர் கட்டணம், வங்கிக் கட்டணம், அலுவலகச் செலவு எதுவுமே இல்லை. அதையும் ஒரு தலைப்பாகப் போடுங்கள், கேட்காமல் யாரும் தரமாட்டார்கள். ஆசிரியர் நியமனக் கடிதத்தில் 'இந்தத் திட்ட நிதி இருக்கும் காலம் வரை' என்று ஒரு வரி சேருங்கள். இந்த மானியத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு திறந்து, உங்கள் கையெழுத்து மட்டும் போதாது, இன்னொரு அறங்காவலரின் கையெழுத்தும் வேண்டும் என்று வையுங்கள். அந்த இன்னொருவர் கொழுந்தனாராக இருக்கக் கூடாது.