அடவு தெரியும், ஆடத் தெரியவில்லை

அன்புள்ள ஐயா,

கடந்த ஓராண்டாக ஜோடி நடனம் கற்று வருகிறேன். வால்ட்ஸ், சா-சா-சா, சல்சா, டாங்கோ ஆகிய நான்கையும் வகுப்பில் முடித்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு அடவுகள் தெரியும். எங்கள் ஆசிரியர் ஓர் அட்டவணை கொடுத்திருக்கிறார். வால்ட்ஸ் ஆஸ்திரியா, டாங்கோ அர்ஜென்டினா, சா-சா-சாவும் சல்சாவும் கியூபா, ஸ்விங் அமெரிக்கா என்று. இவற்றில் எது மிகப் பழமையானது, எது கலப்பில்லாமல் எஞ்சியிருக்கிறது என்று நீங்கள் சொன்னால் அதையே ஆழமாகக் கற்கலாம் என்று எண்ணம். டாங்கோ விலைமாதர் விடுதிகளில் பிறந்தது, அதைத் தொடாதே என்கிறான் நண்பன். உண்மையா? எனக்கு வயது 41. தாமதமாகிவிட்டதா?

இன்னொன்றை எழுதத் தயக்கமாக இருக்கிறது. சென்ற மாதம் முதன்முறையாக வகுப்புக்கு வெளியே ஒரு நடன மாலைக்குப் போனேன். என்னோடு ஆடிய பெண்மணி இரண்டாவது பாடலின் நடுவிலேயே நன்றி சொல்லி விலகிவிட்டார். போகும்போது, "நீங்கள் தனியாகவே ஆடிக்கொண்டிருக்கிறீர்கள்" என்றார். எண்ணிக்கை எங்கும் தவறவில்லை ஐயா. என்ன பிழை என்று தெரியவில்லை.

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

கடைசிப் பத்தியை நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். நாடு, பழமை, வயது என்று சுற்றி வளைத்துவிட்டு வலித்த இடத்தை முடிவில் தொட்டிருக்கிறீர்கள். பரவாயில்லை, தொட்டீர்களே. ஜோடி நடனங்களின் வரலாற்றைச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க எனக்குள் வலுத்துவரும் ஓர் எண்ணத்தை அந்தப் பெண்மணி ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதனால்தான் இந்தப் பதில்.

முதலில் சில்லறைக் கேள்விகளை முடித்துவிடுகிறேன்.

வயதைப் பற்றிப் பேசாதீர்கள். அமெரிக்க நடனக் கலைஞர் ஃபிராங்கி மேனிங் உலகம் சுற்றி லிண்டி ஹாப் என்ற ஸ்விங் நடனத்தைக் கற்பிக்கத் தொடங்கியது எழுபது வயதைக் கடந்த பிறகு. 41 வயதில் தாமதம் என்கிறீர்கள். கூச்சம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். 1816இல் லண்டன் அரச விருந்து ஒன்றில் வால்ட்ஸ் ஆடப்பட்டபோது டைம்ஸ் நாளிதழ் கொதித்தெழுந்தது. விலைமாதரோடும் நடத்தை கெட்டவர்களோடும் இருந்தவரை இந்த ஆபாசத்தைப் பொருட்படுத்தவில்லை, இப்போது மரியாதையான குடும்பங்களுக்குள் நுழைகிறதே என்று எழுதியது. இன்று திருமண விருந்துகளில் மணமக்கள் ஆடும் அதே வால்ட்ஸைப் பற்றித்தான். நூறாண்டு கழித்து அதே வசை டாங்கோவுக்கு வந்தது. 1913இல் ஜெர்மன் பேரரசர் சீருடையில் இருக்கும் அதிகாரிகள் டாங்கோ ஆடக் கூடாது என்று தடை விதித்தார்.

விடுதிகளிலும் டாங்கோ ஆடப்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் அது வளர்ந்தது ரியோ டெ லா பிளாட்டா ஆற்றின் இரு கரைகளிலும், புவனோஸ் ஐரிஸிலும் மொண்டெவிடியோவிலும். ஒரே முற்றத்தைச் சுற்றி ஒவ்வோர் அறையிலும் ஒரு குடும்பம் அடைந்து கிடந்த ஒண்டுக் குடித்தனங்களில் அது வளர்ந்தது. 1914ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது புவனோஸ் ஐரிஸ் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இத்தாலியர்கள், ஸ்பானியர்கள், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள். அவர்களுக்கு முன்பே அங்கிருந்த ஆப்பிரிக்க வம்சாவளியினரின் கண்டோம்பே தாளம். ஜெர்மனியிலிருந்து வந்த பாண்டோனியன் என்ற துருத்தி வாத்தியம். பொது மொழி இல்லாதவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு நடந்த நடை அது. அதைக் கேவலம் என்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

உங்கள் ஆசிரியரின் அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். கோபத்தில் சொல்லவில்லை, அது உங்களுக்குக் கெடுதல் செய்கிறது. 1651இல் லண்டனில் ஜான் பிளேஃபோர்டு ஆங்கிலக் கிராமிய நடனங்களைத் தொகுத்து அச்சிட்டார். ஆண்களும் பெண்களும் எதிரெதிர் வரிசையில் நின்று ஆடுபவை. அவை பிரான்சுக்குப் போயின. பிரெஞ்சுக்காரர்களோடு கடல் கடந்து கரீபியத் தீவுகளுக்குப் போயின. 1791இல் ஹெயிட்டியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது தப்பியோடிய பிரெஞ்சுக் குடும்பங்களோடும், அவர்கள் உடன் கொண்டுசென்ற கறுப்பின மக்களோடும் கிழக்குக் கியூபாவில் கரையிறங்கின. ஸ்பெயின் வழியாக ஏற்கெனவே வந்திருந்ததும் அங்கே இருந்தது. கறுப்பின இசைக்கலைஞர்கள் கையில் அதன் தாளம் வளைந்து ஹபனேரா ஆனது. அதன் ஒரு கிளை கப்பலேறித் தெற்கே போய் டாங்கோவுக்குள் நுழைந்தது. இன்னொரு கிளை கியூபாவிலேயே தங்கி, 1879இல் மத்தான்சாஸ் நகரில் மிகேல் ஃபைல்டே வாசித்த டான்சோன் என்ற நடன இசை ஆகி, அங்கிருந்து சா-சா-சா ஆனது. அட்டவணையில் இரண்டு நாடுகளின் கீழ் எழுதியிருக்கும் டாங்கோவும் சா-சா-சாவும் பங்காளிகள். சல்சாவுக்கு நேரே கியூபா என்று மட்டும் எழுதினால் நியூயார்க்கின் போர்ட்டோ ரிக்கோ மக்களுக்கு அநீதி. கியூபாவின் சோன் இசையை 1960களிலும் 70களிலும் சல்சாவாக்கியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. கலப்பில்லாத நடனம் எங்கே என்று கேட்டீர்கள். எங்கும் இல்லை. தேடாதீர்கள்.

இப்போது அந்தப் பெண்மணியிடம் வருகிறேன்.

சா-சா-சாவை நீங்கள் முடித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது எப்படி உண்டானது என்று வகுப்பில் யாராவது சொன்னார்களா? 1950களின் தொடக்கத்தில் ஹவானாவின் நடனக் கூடங்களில் என்ரிக்கே ஹோரின் வயலின் வாசித்துக்கொண்டிருந்தார். அன்றைய இசையில் தாளம் முன்னும் பின்னும் தள்ளி விழும். வாசிப்பவர்களுக்கு அது கொண்டாட்டம், ஆடுபவர்களுக்குத் தடுமாற்றம். மேடையிலிருந்து ஹோரின் ஆடுபவர்களின் கால்களைப் பார்த்தார். இசையை மாற்றினார். மெட்டின் அழுத்தங்களைத் தாளத்தட்டின் மேலேயே கொண்டுவந்து வைத்தார். கால்கள் உடனே பதில் சொல்லின. இரண்டு அடிகளுக்கு இடையே மூன்று வேகமான தேய்ப்புகள், தரையில் சர்-சர்-சர் என்று. அந்த ஒலியே நடனத்துக்குப் பெயரானது என்பார்கள். வாசித்தவன் ஆடியவனைக் கேட்டான், ஆடியவன் வாசித்தவனைக் கேட்டான். உங்கள் பன்னிரண்டு அடவுகள் அதற்குப் பிறகு வந்தவை.

எங்கே பார்த்தாலும் இதுதான் நடந்திருக்கிறது. 1926இல் நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெம் பகுதியில், லெனாக்ஸ் அவென்யூவில் சவாய் பால்ரூம் திறந்தது. 140ஆம் தெருவிலிருந்து 141ஆம் தெருவரை நீளும் கூடம். இசை நிற்காமலிருக்க இரண்டு மேடைகள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடலாம் என்பது அன்றைய அமெரிக்காவில் எவ்வளவு அபூர்வம் என்று நினைத்துப் பாருங்கள். மேடையில் சிக் வெப். சிறு வயதில் முதுகெலும்பைத் தாக்கிய காசநோயால் கூன் விழுந்த, மிகக் குள்ளமான மனிதர், அந்தக் காலத்தின் மிகப் பெரிய டிரம் கலைஞர்களில் ஒருவர். கீழே ஒருவன் காலை உதறினால் அவருடைய குச்சி அந்த உதறலைப் பிடித்துவிடும். அடுத்த முறை அவர் அடிக்கப்போகும் இடம் ஆடுபவனுக்குத் தெரிந்திருக்கும். 1935இல் அதே தளத்தில் மேனிங் தன் ஜோடியை முதுகின் மேலாகப் புரட்டி இறக்கினார். இன்று எல்லோரும் வீடியோவில் பார்த்து நகலெடுப்பது அந்தப் புரட்டலைத்தான். அவரோ இசையில் அது எங்கே விழ வேண்டும் என்று கேட்டு இறக்கினார்.

சவாய் 1958இல் மூடப்பட்டது, பிறகு இடிக்கப்பட்டது. மேனிங் பல ஆண்டுகள் அஞ்சல் துறையில் வேலை பார்த்தார். 1980களில் கலிஃபோர்னியாவிலிருந்தும் சுவீடனிலிருந்தும் இளைஞர்கள் அவரைத் தேடி வந்தார்கள். அதன் பிறகு சாகும்வரை, தொண்ணூறு வயதைத் தாண்டியும், கற்பித்தார். ஜோடிக்குத் தலைவணங்கிவிட்டு ஆடத் தொடங்குங்கள் என்று சொல்லிக்கொடுத்தவர் அவர். இதை எழுதும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. எந்த அடவுக்கும் முன்னால் அவர் எதை வைத்தார், பாருங்கள்.

பிறகு என்ன நடந்தது? 1914இல் வெர்னான், ஐரீன் காசில் தம்பதியர் நியூயார்க்கில் மரியாதையான நடனத்துக்கு விதிகள் எழுதினார்கள். தோளைக் குலுக்காதே, இடுப்பை ஆட்டாதே. அவர்களுக்கு இசை அமைத்து நடத்தியவர் ஜேம்ஸ் ரீஸ் யூரோப் என்ற கறுப்பினக் கலைஞர். அவருடைய தாளம் வேண்டும், அந்தத் தாளத்துக்கு அவருடைய மக்கள் ஆடிய விதம் வேண்டாம். 1920களில் லண்டன் ஆசிரியர்கள் கூடி ஒவ்வொரு நடனத்துக்கும் வேகம், அடி, திருப்பம் எல்லாவற்றையும் வரையறுத்தார்கள். 1922இல் உலகப் பட்டம் வென்ற விக்டர் சில்வெஸ்டர் பிற்பாடு வேகம் இம்மியும் மாறாத இசைத்தட்டுகளை வெளியிட்டார். அதனால் விளைந்த நன்மையை நான் மறக்கவில்லை. முன்பின் தெரியாத இருவர் எந்த ஊரிலும் சேர்ந்து ஆட முடிந்தது. ஆனால் முதுகில் போட்டியாளர் எண் அட்டையை ஒட்டிக்கொண்டு, தளத்தின் ஓரத்தில் நிற்கும் நடுவருக்காக ஆடத் தொடங்கியதும் முகம் திரும்பிவிட்டது. உண்மையாகவே திரும்பியது. போட்டி டாங்கோவில் பெண்ணின் தலை ஜோடியை விட்டு இடப்பக்கம் வெளியே சாய்ந்து நிற்கும். புவனோஸ் ஐரிஸில் கன்னத்தோடு கன்னம் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் கண்கள் மூடியிருக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர்.

புவனோஸ் ஐரிஸில் ஒரு பிற்பகல் மிலோங்காவில், அதாவது டாங்கோ ஆடக் கூடும் இடத்தில், உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அங்கே யாரும் எழுந்து வந்து கை நீட்டி அழைப்பதில்லை. கூடத்தின் மறுபக்கத்திலிருந்து ஒருவர் பார்க்கிறார், எதிரே இருப்பவரும் பார்த்தால் லேசாகத் தலையசைக்கிறார். விருப்பமில்லையென்றால் பார்வையை நகர்த்திக்கொண்டால் போதும், யாருக்கும் அவமானமில்லை. எண்பதைத் தாண்டிய ஒருவர் அப்படி ஒரு பெண்மணியை அழைத்தார். பாடல் தொடங்கியும் அவர்கள் ஆடவில்லை, பேசிக்கொண்டு நின்றார்கள். பிறகு அணைத்துக்கொண்டார்கள். அப்போதும் அடி வைக்கவில்லை. அவர் எடையை இடக்காலுக்கு மாற்றினார், வலக்காலுக்கு மாற்றினார், மீண்டும் இடக்காலுக்கு. அந்தப் பெண்மணியின் எடை தன் எடையோடு சேர்ந்து மாறுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. சேர்ந்ததும் அவருடைய மார்பு முதலில் நகர்ந்தது, கால் பின்னால் வந்தது. கூட்டம் எதிர்க்கடிகாரச் சுற்றில் நகர்ந்துகொண்டிருந்தது. முன்னால் போன ஜோடி நின்றது, அவரும் நின்றார். பாண்டோனியன் ஒரே சுரத்தை இழுத்தது. அந்த இழுப்புக்குள் அந்தப் பெண்மணி கால்நுனியால் தரையில் ஒரு சிறு அரைவட்டம் வரைந்தார். அவர் அவசரப்படுத்தவில்லை. அந்தக் கால் முடித்துவிட்டு அவருடைய காலருகே வந்து சேரும்வரை காத்திருந்தார். நான்கு பாடல்கள். நடை, நிறுத்தம், ஒன்றிரண்டு திருப்பங்கள். உங்கள் பட்டியலில் இருக்கும் அடவுகளில் கால்வாசியைக்கூட அவர் தொடவில்லை. இறங்கும்போது அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள்.

எண்ணிக்கை தவறவில்லை என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள் ஆர். உங்கள் பிழையே அதுதான். ஒன்று இரண்டு மூன்று என்று மனத்துக்குள் எண்ணுபவனுக்கு வயலின் கேட்காது. அடுத்த அடவு என்ன என்று யோசிப்பவனுக்குக் கையில் இருப்பவரின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று தெரியாது. தெரியாமல் இழுப்பீர்கள். எடை நிற்கும் காலை யாரும் தூக்க முடியாது, அவர் தடுமாறுவார், தவறு தன்னுடையது என்று நினைப்பார். மறுபடியும் இழுப்பீர்கள். ஒன்றரைப் பாடல் பொறுத்துக்கொண்டார் என்றால் அவர் நல்ல மனுஷி. அதற்கு மேல், காரணத்தையும் சொல்லிவிட்டுப் போனார். பெரும்பாலானவர்கள் சொல்லாமல் போய்விடுவார்கள்.

உங்களைத் திட்டுவதற்காக எழுதவில்லை. ஓராண்டாக வேலை முடிந்து களைத்த உடம்போடு வகுப்புக்குப் போயிருக்கிறீர்கள், அவமானப்பட்ட பின்னும் விட்டுவிடவில்லை, காரணம் தேடுகிறீர்கள். குற்றம் ஓராண்டு முழுக்க அடவுகளை விற்றுவிட்டு ஒரு பாடலைக்கூட உட்கார்ந்து கேட்கவைக்காத வகுப்பினுடையது.

எதை ஆழமாகக் கற்கலாம் என்று கேட்டீர்கள். எந்த இசை ஓடும்போது உங்களால் உட்கார்ந்திருக்க முடியவில்லையோ அதை. டாங்கோ என்றால் கார்லோஸ் டி சார்லியின் இசைக்குழுவிலிருந்து தொடங்குங்கள். பியானோ தெளிவாக நடக்கும், அதோடு நடக்கலாம். அறையில் தனியாக நடங்கள், எண்ணாமல். அது பழகிய பிறகு மறுபடியும் ஒரு நடன மாலைக்குப் போங்கள். ஒரு சுற்று முழுக்க நடையும் நிறுத்தமும் மட்டும் போதும், அடவு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பாடலுக்கும் முன்னால் இருவர் எடையும் ஒரே பக்கம் சேரும்வரை அசையாதீர்கள். ஜோடி எந்த இடத்தில் கூடுதலாக ஒரு கணம் எடுத்துக்கொண்டார், அப்போது எந்த வாத்தியம் ஒலித்தது என்பதைக் குறித்து எனக்கு எழுதுங்கள். அடுத்த கடிதத்தில் எனக்கு அது ஒன்று போதும்.

அன்புடன்.